நண்பரைக் கல்லறையில் விட்டுத் திரும்பும்போது: கிறிஸ்தவ ஆறுதலுக்கு ஒரு வழிகாட்டி

சாவுச் செய்தி வந்ததும் சொந்தக்காரர்களுக்கு என்ன செய்ய வேண்டும் என்று தெரிந்திருக்கும். யாருக்கெல்லாம் சொல்லி அனுப்புவது, பெட்டிக்கு யார் ஏற்பாடு செய்வது, யார் பெட்டிக்குப் பக்கத்தில் உட்காருவது, எல்லாவற்றுக்கும் ஒரு முறை உண்டு. சிநேகிதனுக்கு அப்படி எதுவும் கிடையாது. கண்ணீர் அஞ்சலி நோட்டீஸில் மனைவி, மக்கள், உடன்பிறந்தோர் என்று பெயர் பெயராகப் போட்டுவிட்டு, கடைசியில் 'மற்றும் நண்பர்கள்' என்று முடிப்பார்கள். அந்தக் கடைசிச் சொல்லுக்குள்தான் நாம் இருக்கிறோம். ஆபீசில் லீவு கேட்டால், 'என்ன உறவு?' என்று கேட்பார்கள். நண்பன் என்று சொன்னால், அரை நாள் போதுமா என்பார்கள்.

நான் பாளையங்கோட்டைக்காரன். மூன்று வருஷத்துக்கு முன்னால் என் சிநேகிதன் 41 வயதில் மாரடைப்பில் போய்விட்டான். ஆறாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்ச். அப்புறம் ஒரே பாடகர் குழு. பிறந்ததிலிருந்து கோயிலுக்குப் போகிறவன் நான். ஆனாலும் 'ஆறுதல்', 'நம்பிக்கை' என்ற சொற்களை அன்றைக்கு எங்கே பிடிப்பது என்று எனக்குத் தெரியவில்லை. முதல் தடவையாக ஒரு நண்பரை இழந்து அதே இடத்தில் நிற்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். நீங்கள் விசுவாசத்துக்குப் புதியவராக இருக்கலாம், கிறிஸ்தவ நண்பரை இழந்த வேறு மதத்தவராகவும் இருக்கலாம். கீழே உள்ளதை வரிசை மாறாமல் செய்ய வேண்டும் என்பதில்லை. இன்றைக்கு எது முடிகிறதோ அதை எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் போய் நில்லுங்கள்

கேத வீட்டுக்குப் போங்கள். என்ன பேசுவது என்று தெரியவில்லையே என்று போகாமல் இருந்துவிடாதீர்கள். வேதத்தில், எல்லாவற்றையும் இழந்து கிடந்த யோபுவின் நண்பர்கள் மூன்று பேர் அவனைப் பார்க்க வந்தபோது, ஏழு நாள் இராப்பகல் ஒரு வார்த்தையும் பேசாமல் அவனோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள் (யோபு 2:13). அவர்கள் செய்ததிலேயே உருப்படியான காரியம் அதுதான். எட்டாம் நாள் வாயைத் திறந்த பிறகுதான் எல்லாம் கெட்டது.

பேசியே ஆக வேண்டும் என்றால், இறந்தவரின் பெயரைச் சொல்லி, அவர் செய்த ஒரு காரியத்தைச் சொல்லுங்கள். 'அம்மா, காலேஜில் எனக்குக் காமாலை வந்தப்போ தினமும் சைக்கிளில் மோர் கொண்டுவந்து கொடுத்தான்' என்று நான் அவன் அம்மாவிடம் சொன்னேன். அது அவர்களுக்கே தெரியாத கதை. அந்த ஒரு நிமிஷம் மகனைப் பற்றிப் புதிதாக ஒன்று கிடைத்த முகமாக அவர்கள் முகம் மாறியது. நண்பனிடம் மட்டுமே இருக்கும் செல்வம் இது. யோப்பா ஊரில் தொற்காள் என்ற பெண் இறந்தபோது, விதவைகள் அழுதுகொண்டே, அவள் தைத்துக் கொடுத்த அங்கிகளையும் வஸ்திரங்களையும் பேதுருவுக்குக் காட்டினார்கள் என்று அப்போஸ்தலர் 9-ல் வருகிறது. உங்களிடம் இருக்கும் அங்கி எது என்று யோசித்து அதைக் கொண்டுபோங்கள்.

சொல்லக் கூடாதவையும் சில உண்டு. 'ஆண்டவருக்கு அவர் தேவைப்பட்டார்', 'நல்லவங்களைத்தான் சீக்கிரம் எடுத்துக்குவார்', 'எல்லாம் நன்மைக்குத்தான்'. 'கர்த்தர் கொடுத்தார், கர்த்தர் எடுத்தார்' என்பது வேதவசனம்தானே என்று கேட்கலாம். அது பிள்ளைகளைப் பறிகொடுத்த யோபு தன் வாயால் சொன்னது. யாரும் போய் அவனிடம் சொன்னதல்ல. பறிகொடுத்தவர்களே அதைச் சொன்னால் கூடச் சேர்ந்து ஆமென் சொல்லுங்கள், நீங்களாக ஆரம்பிக்காதீர்கள்.

அடக்க ஆராதனையில் என்ன நடக்கும்

புதியவர்களுக்காகச் சொல்கிறேன். சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபைகளில் பெரும்பாலும் முதலில் வீட்டில் ஒரு ஜெபம், அடுத்து ஆலயத்தில் ஆராதனை, பிறகு கல்லறைத் தோட்டம். 'நானே உயிர்த்தெழுதலும் ஜீவனுமாயிருக்கிறேன்' என்ற வசனம் கட்டாயம் காதில் விழும். பாட்டு, வேதபாடம், ஒரு சிறு பிரசங்கம் இருக்கும். கத்தோலிக்கர் என்றால் திருப்பலி நடக்கும், பெட்டியின் மேல் தீர்த்தம் தெளித்துத் தூபம் காட்டுவார்கள். பெந்தெகொஸ்தே சபைகளில் எழுதி வைத்த முறைமை குறைவு, பாட்டும் சாட்சியும் அதிகம். மாலை போடுவது வீட்டுக்கு வீடு மாறும், சில குடும்பங்கள் வேண்டாம் என்பார்கள். வாசலில் நிற்கும் ஒருவரிடம் கேட்டுக்கொண்டால் போதும்.

நீங்கள் கிறிஸ்தவர் இல்லையென்றால் 'நாம எப்படி உள்ளே போறது' என்று வெளியே நின்றுவிடாதீர்கள். 1798-ல் தஞ்சாவூரில் ஜெர்மன் மிஷனரி சுவார்ட்ஸ் ஐயர் (போதகரை நாங்கள் ஐயர் என்போம்) இறந்தபோது, அவரைத் தகப்பனாகவே நினைத்திருந்த சரபோஜி மன்னர் நேரில் வந்து அழுதார். கல்லறைக் கல்லுக்குத் தன் கையால் கவிதை எழுதிக் கொடுத்தார். பிற்பாடு இங்கிலாந்தில் ஃபிளாக்ஸ்மன் என்ற சிற்பியைக் கொண்டு பளிங்கில் ஒரு நினைவுச் சிற்பமும் செய்வித்தார். மன்னர் கடைசிவரை இந்துவாகத்தான் இருந்தார். அன்பு வைத்தவருக்குத் துக்கப்பட உரிமை உண்டு. அதற்கு வேறு தகுதி தேவையில்லை.

கல்லறையில் 'மண்ணுக்கு மண், சாம்பலுக்குச் சாம்பல்' என்று ஐயர் சொல்லும்போது ஒவ்வொருவராகப் பிடி மண் போடுவார்கள். குடும்பம் முடித்ததும் நீங்களும் போடுங்கள். நான் தயங்கித் தயங்கிப் பின்னால் நின்றேன். அவன் தம்பிதான் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனான். முந்தின நாள் பெய்த மழையில் மண் ஈரமாக இருந்தது, உருண்டையாகக் கையில் ஒட்டியது. பெட்டி மேல் அது விழுந்த சத்தம்தான் எனக்கு அவன் செத்துப்போனான் என்று சொன்னது. அதுவரை யார் சொல்லியும் உள்ளே இறங்கவில்லை. இராத்திரி சாப்பிட உட்கார்ந்தபோது நகக்கண்ணில் அந்த மண் இருந்தது. கழுவ மனம் வரவில்லை, ஸ்பூனால் சாப்பிட்டேன்.

அடுத்த சில நாட்கள்: சோறும் தூக்கமும்

உடனே உட்கார்ந்து வேதம் வாசித்து ஆறுதல் தேடாதீர்கள். எலியா தீர்க்கதரிசி 'போதும் கர்த்தாவே, என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும்' என்று சூரைச்செடியின் கீழ் விழுந்து கிடந்தபோது, தேவதூதன் பிரசங்கம் பண்ணவில்லை. தட்டி எழுப்பி, தணலில் சுட்ட அடையையும் தண்ணீரையும் காட்டி, எழுந்து சாப்பிடு என்றான். சாப்பிட்டுத் திரும்பவும் படுத்தான். மறுபடியும் எழுப்பிச் சாப்பிட வைத்தான் (1 இராஜாக்கள் 19). அதன் பிறகுதான் ஓரேப் மலையும், அங்கே கர்த்தர் அவனோடு பேசும் மெல்லிய சத்தமும் வருகின்றன. பசிக்காவிட்டாலும் நேரத்துக்கு ஒரு கவளம், இரண்டு இட்லி, கஞ்சி, ஏதாவது சாப்பிடுங்கள். தூக்கம் வராத இரவில் போனை எடுத்துப் பழைய படங்களைப் பார்த்துக்கொண்டே விடியவைக்காதீர்கள்.

விசுவாசி அழலாமா?

இங்கேதான் நிறையப் பேர் தடுக்கி விழுகிறார்கள். 'அவர் கர்த்தரிடத்தில் இருக்கிறார், பிறகு ஏன் அழுகிறீர்கள்?' என்று அன்பாகத்தான் கேட்பார்கள். கேட்டதும், நம் அழுகை விசுவாசக் குறைவோ என்ற சந்தேகம் வந்துவிடும். துக்கத்தோடு குற்ற உணர்ச்சியும் சேர்ந்துகொள்ளும். என்னை இரண்டு மாதம் ஆட்டிவைத்த கேள்வி இது. அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

கல்லெறிந்து கொல்லப்பட்ட ஸ்தேவான், வானம் திறந்திருக்கக் கண்டு, இயேசு நிற்பதைப் பார்த்துக்கொண்டே இறந்தவன். அவன் எங்கே போனான் என்பதில் யாருக்கும் சந்தேகம் இருந்திருக்காது. அப்படியும் தேவபக்தியுள்ள மனுஷர் அவனை அடக்கம்பண்ணி, அவனுக்காக 'மிகவும் துக்கங்கொண்டாடினார்கள்' என்று அப்போஸ்தலர் 8:2 சொல்கிறது. பக்தி இருந்தும் அழுதார்கள் என்றுகூட அங்கே எழுதியிருக்கவில்லை. பக்தியுள்ளவர்கள் அழுதார்கள், அவ்வளவுதான்.

அப்போஸ்தலர் பவுலைப் பாருங்கள். 'சாவு எனக்கு ஆதாயம்' என்று பிலிப்பியருக்கு எழுதினவர் அவர். அதே நிருபத்தின் அடுத்த அதிகாரத்தில், தன் உடன்வேலையாளாகிய எப்பாப்பிரோதீத்து சாகும் தருவாய்வரை போய்ப் பிழைத்ததைப் பற்றிச் சொல்லும்போது, 'துக்கத்தின்மேல் துக்கம்' தனக்கு உண்டாகாதபடி தேவன் இரங்கினார் என்கிறார். தன் சாவு ஆதாயமாம், சிநேகிதன் சாவு துக்கத்தின்மேல் துக்கமாம். ஒரே மனுஷன், ஒரே கடிதம். இரண்டையும் ஒரே நெஞ்சில் வைத்துக்கொள்ள அவருக்கு முடிந்திருக்கிறது. தெசலோனிக்கேயருக்கு எழுதும்போதும், நம்பிக்கையில்லாத மற்றவர்களைப்போலத் துக்கிக்க வேண்டாம் என்றுதான் சொன்னார். துக்கிக்கவே வேண்டாம் என்று சொல்லவில்லை.

தாவீது, தன் சிநேகிதன் யோனத்தான் இறந்தபோது ஒரு புலம்பலே பாடினான். 'என் சகோதரனாகிய யோனத்தானே, உனக்காக நான் வியாகுலப்படுகிறேன்' என்று. அந்தப் பாட்டை யூதா புத்திரருக்குச் சொல்லிக்கொடுக்கவும் வைத்தான். சிநேகிதனுக்காக அழுவதை ஊருக்கே பாடமாக வைத்த ராஜா அவன். ஆகவே 'என்ன உறவு?' என்று யாராவது கேட்டால் கூச்சப்படாமல் நண்பன் என்று சொல்லுங்கள். வேதத்தில் அந்த உறவுக்கு இடம் இருக்கிறது.

ஜெபம் வராதபோது

வராது. எனக்குப் பல வாரம் வரவில்லை. கண்ணை மூடினால் கோபம்தான் வந்தது. அப்போது எங்கள் சபையில் ஓர் ஓய்வுபெற்ற ஆசிரியை, நான் ஆச்சி என்று கூப்பிடுகிறவர்கள், சொன்னது எனக்குப் பிடித்தது: 'கோபத்தையே ஜெபமா பண்ணுய்யா. அவருக்கு அது புதுசு இல்ல.'

செய்யும் விதம் இது. ஒரு நோட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 13-ஆம் சங்கீதத்தைத் திறங்கள். ஆறே வசனம். முதல் இரண்டு வசனத்தில் 'எதுவரைக்கும்' என்று கேள்வி மேல் கேள்வி. அடுத்த இரண்டில் 'என்னை நோக்கிப் பாரும்' என்ற விண்ணப்பம். கடைசி இரண்டில் கிருபையின்மேல் நம்பிக்கை. முதல் பகுதியை வாசித்துவிட்டு, அதன் கீழே உங்கள் 'எதுவரைக்கும்' என்ன என்று உங்கள் பேச்சிலேயே எழுதுங்கள். எழுத்துப்பிழை பார்க்க வேண்டாம். மறுநாள் அடுத்த பகுதி. மூன்றாம் பகுதிக்கு மனசு வரவில்லையா, அதைத் தொடாதீர்கள், திரும்ப முதல் பகுதிக்கே போங்கள். நான் ஒரு மாதத்துக்கு மேல் முதல் இரண்டு வசனத்திலேயே கிடந்தேன்.

அதுவும் கனமாக இருந்தால் 88-ஆம் சங்கீதம் இருக்கிறது. மற்ற புலம்பல்கள் கடைசியில் ஒரு துளி வெளிச்சமாவது காட்டும். இது இருட்டிலேயே முடிகிறது. அதன் கடைசி வசனம், 'சிநேகிதனையும் தோழனையும் எனக்குத் தூரமாக விலக்கினீர்' என்று ஆண்டவரையே குற்றம் சாட்டுகிறது. அப்படி ஒரு ஜெபத்தை வேதத்துக்குள் வைத்திருக்கிறார்கள் என்பதே எனக்கு அந்த நாட்களில் பெரிய ஆறுதல்.

யோவான் 11: நான்கு நாள், நான்கு பகுதி

ஒரே ஒரு அதிகாரம்தான் வாசிக்க முடியும் என்றால் இதை வாசியுங்கள். மொத்தமாக வேண்டாம், நாளுக்கு ஒரு பகுதி. வேதத்தின் பழைய மொழிபெயர்ப்பு கடினமாக இருந்தால் திருவிவிலியம் என்ற புதிய மொழிபெயர்ப்பில் வாசிக்கலாம். 'உயிர்த்தெழுதலும் வாழ்வும் நானே' என்று அதில் எளிமையாக இருக்கும்.

முதல் நாள், 1 முதல் 16 வரை. 'நம்முடைய சிநேகிதனாகிய லாசரு நித்திரையடைந்திருக்கிறான்' என்று இயேசு சொல்வதைக் கவனியுங்கள். இறந்தது அவருடைய சிநேகிதன். கிறிஸ்தவ ஆறுதல் எங்கிருந்தோ மேலிருந்து இறங்கும் தத்துவம் இல்லை. நண்பனை இழந்தவரிடமிருந்து வருவது.

இரண்டாம் நாள், 17 முதல் 32 வரை. லாசருவின் சகோதரிகள் மார்த்தாளும் மரியாளும் தனித்தனியாக வந்து ஒரே வாக்கியத்தைச் சொல்கிறார்கள்: 'ஆண்டவரே, நீர் இங்கே இருந்தீரானால் என் சகோதரன் மரிக்கமாட்டான்.' நான்கு நாளாக அந்த வீட்டில் இதைத்தான் பேசிக்கொண்டு இருந்திருப்பார்கள் என்று நினைக்கிறேன். நம் எல்லாருக்கும் ஒரு 'இருந்தீரானால்' உண்டு. என்னுடையது ஒரு போன் கால். இறப்பதற்கு இரண்டு நாள் முன்னால், இரவு ஒன்பதரைக்கு அவன் கூப்பிட்டான். கிறிஸ்துமஸ் பாட்டுக்குப் பிராக்டீஸ் எப்போது என்று கேட்கத்தான் கூப்பிடுகிறான் என்று நினைத்து, நாளைக்குப் பேசிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். மறுநாள் மறந்துபோனேன். அன்றைக்கு அவனுக்கு நெஞ்சில் ஏதாவது செய்ததா, அதைச் சொல்லத்தான் கூப்பிட்டானா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. மார்த்தாள் அந்த வாக்கியத்தைத் தனக்குள் வைத்துப் புழுங்கவில்லை, நேராக இயேசுவின் முகத்துக்கு நேரே சொன்னாள். அவர் அவளைக் கடிந்துகொள்ளவில்லை. நோட்டில் உங்கள் 'இருந்தீரானால்', 'இருந்தேனானால்' என்னவென்று எழுதி அவரிடமே சொல்லுங்கள். என் நோட்டில் அந்தப் பக்கம் இப்படி ஆரம்பிக்கிறது: 'ஒன்பதரை மணி. எடுத்திருக்கலாம்.'

மூன்றாம் நாள், 33 முதல் 37 வரை மட்டும். 'இயேசு கண்ணீர் விட்டார்.' இன்னும் சில நிமிஷத்தில் லாசருவை எழுப்பப் போகிறவர் அவர். தெரிந்தும் அழுகிறார். முடிவு நல்லதாக இருக்கும் என்று தெரிந்தவர்களும் நடுவில் அழலாம் என்பதற்கு இதைவிட எனக்கு வேறு அத்தாட்சி வேண்டாம்.

நான்காம் நாள், 38 முதல் 44 வரை. 'லாசருவே, வெளியே வா' என்று அவர் பேர் சொல்லிக் கூப்பிடுகிறார். என் நண்பனுக்கு ஏன் அப்படி நடக்கவில்லை என்ற கேள்வி வரும். வரட்டும். ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்: லாசரு மறுபடியும் ஒருநாள் இறந்திருப்பான். அவன் ஊரான பெத்தானியாவில் நடந்தது ஓர் அடையாளம்தான். நம் நம்பிக்கை நிற்பது லாசருவின் கல்லறைமேல் அல்ல, இனி மரிக்காதபடி எழுந்தவரின் கல்லறைமேல்.

அந்த நம்பிக்கை சரியாக என்ன?

'ஆன்மா மேலே போய்விட்டது' என்பதோடு நிறையப் பேர் நிறுத்திக்கொள்கிறார்கள். திருச்சபை அறிக்கையிடுவது அதைவிடப் பெரியது: சரீர உயிர்த்தெழுதல். நம் நோட்டீஸ்களில் 'கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்' என்று போடுகிறோமே, அது நாசூக்குக்காகச் சொல்வதில்லை. தூங்கினவர் எழுந்திருப்பார் என்பதுதான் அதன் பொருள். கல்லறைத் தோட்டத்துக்கு ஆங்கிலேயர் சொல்லும் 'செமட்ரி' என்ற சொல்லே, தூங்குமிடம் என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. பவுல் 1 கொரிந்தியர் 15-ல் விதையை உவமையாக எடுக்கிறார். அழிவுள்ளதாய் விதைக்கப்படும், அழிவில்லாததாய் எழுந்திருக்கும். அதே அதிகாரத்தில் மரணத்தைக் 'கடைசிச் சத்துரு' என்கிறார். சத்துருவைச் சத்துரு என்றே சொல்லலாம், சாவை அழகாக்கிப் பேச வேண்டிய கட்டாயம் நமக்கு இல்லை.

இறந்தவருக்காக ஜெபிக்கலாமா என்பதில் சபைகள் வேறுபடுகின்றன. கத்தோலிக்கர் 'நித்திய இளைப்பாற்றியை அளித்தருளும்' என்று அவருக்காக வேண்டுவார்கள், திருப்பலி ஒப்புக்கொடுப்பார்கள். சீர்திருத்தச் சபைகளில் அவருடைய வாழ்வுக்காக ஸ்தோத்திரம் செலுத்தி, குடும்பத்துக்காக ஜெபிப்பார்கள். துக்க வீட்டில் இந்த வாக்குவாதம் வேண்டாம். நண்பரின் வீட்டார் எப்படி ஜெபிக்கிறார்களோ, அவர்களோடு தலை குனியுங்கள்.

நண்பர் விசுவாசியாக இல்லாமல் இருந்தால்? அல்லது தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டிருந்தால்? இதற்குத் தீர்ப்புச் சொல்ல யாரையும் விடாதீர்கள், நீங்களும் சொல்லாதீர்கள். சிலுவையில் கடைசி மணி நேரத்தில் ஒரே ஒரு விண்ணப்பம் செய்த கள்ளனுக்கு 'இன்றைக்கு நீ என்னுடனேகூடப் பரதீசிலிருப்பாய்' என்ற பதில் கிடைத்தது. ஒருவருடைய கடைசி நிமிஷத்தில் என்ன நடந்தது என்பது நம் கண்ணுக்கு எட்டாது. தற்கொலை செய்துகொண்டவர்களின் மீட்பைப் பற்றி நம்பிக்கை இழக்கக் கூடாது என்று கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல் தெளிவாகவே சொல்கிறது (எண் 2283). 'சர்வலோக நியாயாதிபதி நீதிசெய்யாதிருப்பாரோ' என்று ஆபிரகாம் கேட்டான். நான் அந்தக் கேள்வியிலேயே நின்றுகொள்கிறேன்.

ஒரு ஆளைப் பிடித்துக்கொள்ளுங்கள்

எல்லாரிடமும் சொல்ல வேண்டியதில்லை, ஒருவர் போதும். ஐயராக இருக்கலாம், சபையில் இதற்கு முன்னால் துக்கப்பட்ட ஒருவராக இருக்கலாம். வாரத்துக்கு ஒருநாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். கேட்டு முடிக்கும் முன்பே வசனம் சொல்கிறவர் வேண்டாம், முழுசாகக் கேட்கிறவராகப் பாருங்கள். ஆராதனைக்குப் போக முடிந்தால் போங்கள், பாட முடியாவிட்டால் சும்மா நில்லுங்கள். நீங்கள் பாடாத வரிகளைப் பக்கத்தில் நிற்பவர்கள் பாடுவார்கள், சபை அதற்காகவும்தான். பாடகர் குழுவில் அவன் நின்ற இடத்தைப் பார்க்க முடியாமல், நான் நான்கு மாதம் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தேன்.

வாரக்கணக்கில் தூக்கம் இல்லை, வேலை ஓடவில்லை, நானும் போய்விட்டால் நல்லது என்று தோன்றுகிறது என்றால், ஜெபத்தோடு டாக்டரையும் பாருங்கள். இந்தியாவில் 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் கட்டணமில்லாமல் தமிழிலேயே பேசலாம். இது விசுவாசக் குறைவு இல்லை. எலியாவுக்கு அடை சுட்டுக் கொடுத்த ஆண்டவர்தான் மருந்தையும் கொடுத்திருக்கிறார்.

நண்பரின் வீட்டுக்குத் திரும்பப் போங்கள்

கூட்டம் கலைந்த பிறகுதான் அந்த வீட்டுக்கு ஆள் தேவை. யோனத்தான் இறந்து வருஷங்கள் கழித்து, தாவீது அரியணையில் அமர்ந்த பிறகு, 'யோனத்தான் நிமித்தம்' தான் தயை செய்ய அந்த வீட்டில் யாராவது மீதி இருக்கிறார்களா என்று தேடினான். லோதேபாரில் யாரோ ஒருவர் வீட்டில் இருந்த, இரண்டு காலும் முடமான, யோனத்தானின் மகன் மேவிபோசேத்தைக் கண்டுபிடித்துக் கூட்டிவந்து, தன் பந்தியிலேயே சாப்பிட வைத்தான் (2 சாமுவேல் 9). சிநேகிதனை இழந்தவனுக்கு வேதம் கொடுக்கும் வேலை இதுதான் என்று நான் நம்புகிறேன். என் துக்கம் கொஞ்சமாவது இறங்கியது என்றால், அது இந்த வேலையில்தான்.

'எது வேணும்னாலும் சொல்லுங்க' என்று பொதுவாகச் சொல்லாதீர்கள், யாரும் சொல்லமாட்டார்கள். குறிப்பாக ஒரு வேலையைக் கேளுங்கள். இறப்பை 21 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும். சான்றிதழில் பெயரும் இனிஷியலும் ஆதாரில் இருப்பதுபோலவே இருக்கிறதா என்று பாருங்கள், இல்லாவிட்டால் பின்னால் பெரிய அலைச்சல். கூடுதலாகச் சில பிரதிகள் வாங்கி வையுங்கள். வாரிசுச் சான்றிதழ், வங்கிக் கணக்கு, இன்சூரன்ஸ், வண்டியின் ஆர்.சி. பெயர் மாற்றம், ஒவ்வொன்றுக்கும் கூட ஒரு ஆள் நடந்தால் அந்த வீட்டுக்கு மலையே இறங்கின மாதிரி இருக்கும். நான் மதினியோடு வங்கிக்கு மூன்று முறை போனேன். மூன்றாவது முறை படிவத்தில் 'இறந்தவருடன் உறவு' என்ற கட்டத்தில் 'மனைவி' என்று எழுதும்போது அவர்கள் கை நின்றுவிட்டது. பேனாவை வாங்கி, மற்றக் கட்டங்களை எல்லாம் நான் நிரப்பிக் கொடுத்தேன். அந்த ஒன்றை மட்டும் அவர்களே எழுதினார்கள்.

நாட்கள் வரும்போது

பிறந்தநாள், இறந்த நாள், அவர் இல்லாத முதல் கிறிஸ்துமஸ். இவற்றை முன்கூட்டியே காலண்டரில் குறித்து, அன்றைக்கு என்ன செய்வது என்று முடிவு செய்துவிடுங்கள். முடிவு செய்யாத நாள் நம்மை அடித்துப்போட்டுவிடும். கத்தோலிக்கருக்கு நவம்பர் 2 கல்லறைத் திருநாள் இருக்கிறது. கல்லறைக்கு வெள்ளையடித்து, பூவும் மெழுகுவர்த்தியும் வைத்து, குடும்பமாக நிற்பார்கள். உங்கள் சபையில் அப்படி ஒரு நாள் இல்லாவிட்டால் நீங்களே ஒன்றை ஏற்படுத்திக்கொள்ளலாம்.

என்னுடையது ஈஸ்டர். விடியற்காலை ஆராதனை முடிந்ததும் அவன் மகனைப் பைக்கில் ஏற்றிக்கொண்டு கல்லறைத் தோட்டத்துக்குப் போவேன். வெயில் ஏறியிருக்காது. ஒரு பாட்டில் தண்ணீர், துடைக்க ஒரு பழைய துண்டு, சட்டைப் பையில் சின்ன புதிய ஏற்பாடு. அவன் களை பிடுங்குவான், நான் கல்லைத் துடைப்பேன். அப்புறம் யோவான் 20-ல், மகதலேனா மரியாள் கல்லறையின் அருகே அழுதுகொண்டு நிற்பதும், இயேசுவைத் தோட்டக்காரர் என்று நினைப்பதும், அவர் 'மரியாளே' என்று கூப்பிட்டதும் அவள் திரும்புவதும் வரை வாசிப்போம்.

போன ஈஸ்டருக்கு வாசித்து முடித்ததும், அவன் கையில் பிடித்திருந்த புல்லைப் போடாமலே கேட்டான்: 'சித்தப்பா, அப்பாவையும் இப்படிப் பேர் சொல்லித்தான் கூப்பிடுவாரா?'

'ஆமாப்பா' என்றேன். 'லாசருவையும் பேர் சொல்லித்தான் கூப்பிட்டார்.'

அவன் கொஞ்ச நேரம் கல்லில் இருந்த பெயரைப் பார்த்துக்கொண்டு நின்றான். பாட்டிலில் மீதி இருந்த தண்ணீரை ஓரத்தில் இருந்த அரளிச் செடிக்கு ஊற்றிவிட்டுக் கிளம்பினோம். வீட்டில் மதினி இட்லி அவித்து வைத்திருந்தார்கள்.